காடு குறைந்த மாநிலத்தின் தண்ணீர்க் கணக்கு

1991-இல் டுரியான் துங்கல் அணை வற்றியது. மலாக்கா மாநிலத்தின் அன்றைய முதன்மை நீர்த்தேக்கம் அதுதான். மாதக்கணக்கில் பங்கீட்டு முறையில் தண்ணீர் விட்டார்கள். வீடமைப்புப் பகுதிகளான தாமான்களிலும் தோட்டத் தொழிலாளர்களின் லயத்திலும் டிரம்மும் வாளியும் லாரிக்குக் காத்துக் கிடந்தன. அதே 1991-இல், தெற்கே 250 கிலோமீட்டருக்குள் இருக்கும் சிங்கப்பூர், தண்ணீர்ச் சிக்கன வரி என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. தூரத்து ஆற்றிலிருந்து இன்னும் தண்ணீர் கொண்டுவந்தாக வேண்டும் என்று மலாக்கா முடிவு செய்தது. பயன்படுத்துகிறவரிடம் கணக்குக் கேட்டாக வேண்டும் என்று சிங்கப்பூர் முடிவு செய்தது. முப்பது ஆண்டுக்கும் மேலான பிறகு மலாக்காவின் முடிவு எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று பார்க்க, அணையை விட்டுச் சற்று விலகி, அணையைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து தொடங்குவதே சரி.

உலக நீர் நெருக்கடி வரைபடங்களில் மலேசியா கவலைப்பட வேண்டிய நாடாகத் தெரியாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் நாடு. ஆனால் இந்தச் சராசரிக்குள் பெரிய ஏற்றத்தாழ்வு இருக்கிறது. சுமத்ராவுக்கும் தீபகற்பத்தின் நடுமலைக்கும் இடையே ஒதுங்கிக் கிடக்கும் மலாக்காவுக்குக் கிடைப்பது 2,000 மில்லிமீட்டர் அளவில்தான். ஒரு தோராயக் கணக்குப் போடலாம். மாநிலப் பரப்பு சுமார் 1,650 சதுர கிலோமீட்டர். பெய்யும் மழையில் 1,300 மில்லிமீட்டர் வரை ஆவியாகியும் மரம் செடி உறிஞ்சியும் வானத்துக்கே திரும்பிவிடும் என்று வைத்துக்கொண்டால், ஆற்றுக்கும் நிலத்தடிக்கும் மிஞ்சுவது 700 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 115 கோடி கன மீட்டர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் கிட்டத்தட்ட 10 லட்சம் பேர். ஆளுக்கு 1,150 கன மீட்டர் வருகிறது. சுவீடன் நாட்டு நீரியல் அறிஞர் மாலின் பால்கன்மார்க் வகுத்த அளவுகோலில் 1,700-க்குக் கீழே போனால் நெருக்கடி, 1,000-க்குக் கீழே போனால் பஞ்சம். மழைக்காட்டு நாடு என்று பெயரெடுத்த நாட்டின் ஒரு மாநிலம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

மழைக்காட்டு நாடு என்றேன். மலாக்காவில் அந்தக் காடு எங்கே? வனக் காப்பிடங்கள் மாநிலப் பரப்பில் 5 விழுக்காட்டைக்கூட எட்டாது. இதற்கு ரப்பரை மட்டும் குறை சொல்ல முடியாது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே சீன முதலாளிகள் மரவள்ளிக்காகக் காட்டை அழித்து, மண் சலித்ததும் அடுத்த காட்டுக்கு நகர்ந்துவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன நிலத்தில்தான் ரப்பர் ஏறியது. 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டதே மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம். அடுத்து குனோங் லேடாங் அடிவாரத்தில் புக்கிட் அசகான் வந்தது. அங்கெல்லாம் பால் வெட்டவும் புல் வெட்டவும் தமிழர்கள் கப்பலேறி வந்த கதை தெரிந்ததுதான்.

காடு இவ்வளவு குறைந்த மாநிலத்தில் மழையைப் பிடித்து வைப்பது எது? தோட்டம்தான். டுரியான் துங்கல், ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் ஆறும் ஓடையும் ரப்பருக்கும் செம்பனைக்கும் நடுவேதான் ஓடி வருகின்றன. மலாக்காவின் நீர்ப்பிடிப்புப் பகுதி என்று நிபுணர்கள் பேசும்போது மனத்தில் வரும் பச்சை மலையைக் கழற்றிவிட்டு, வரிசை வரிசையாக நிற்கும் பால் மரத்தையும் செம்பனையையும் அங்கே வைத்துப் பார்க்க வேண்டும். தொழிற்சாலைகளின் நீர் இடர், நகரங்களின் பருவநிலைத் திட்டம் என்று இன்று பேசப்படும் எல்லாமே மலாக்காவில் இந்தத் தோட்ட நிலத்தின் கதியில் போய்த்தான் முட்டுகின்றன.

தோட்டம் காட்டுக்கு ஈடாகாது. 1920களில் தோட்ட நிர்வாகங்கள் ரப்பர் மரத்தடியில் ஒரு புல்லும் இருக்கக் கூடாது என்று அடம்பிடித்தன. மண்வெட்டியும் கையுமாகத் தமிழ்ப் பெண்கள் தரையை வழித்துத் துடைத்தார்கள், கூலியும் அதற்குத்தான். மழை வந்ததும் மேல்மண் கரைந்து ஆறுகள் செம்மண் குழம்பாக ஓடின, ஆற்றுப் படுகைகள் மேடிட்டன. சேதம் உறைத்த பிறகுதான் அவரை இனக் கொடிகளை மூடுபயிராகப் படரவிடும் வழக்கம் பரவியது. சரிவில் படிவரப்பு, வரப்போரம் வண்டல் குழி, பள்ளத்தில் ஓடை, ஓடையில் சின்னத் தடுப்பு என்று தோட்டம் மெல்ல மெல்லத் தண்ணீரைத் தாமதப்படுத்தக் கற்றுக்கொண்டது. மழை நீரைத் தாமதப்படுத்துவதுதான் நீர்ப்பிடிப்பின் முழு வேலையும். காடு அதைச் சொல்லாமல் செய்யும், தோட்டம் சொன்னால் செய்யும், தார் போட்ட தாமான் சொன்னாலும் செய்யாது.

அந்தப் பழைய தோட்டத்துக்குள் தண்ணீர் எப்படிப் போனது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஓடையிலிருந்தோ கிணற்றிலிருந்தோ பம்பு தண்ணீரை மேட்டில் இருக்கும் தொட்டிக்கு ஏற்றும். தோட்ட நிர்வாகியான துரையின் பங்களாவும் பெரும்பாலும் மேட்டில்தான். தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் முதல் பங்கு பங்களாவுக்கு, அடுத்தது ஆலைக்கு, கணக்கெழுதும் கிராணி வீட்டுக்கு, கடைசியில் லயத்துக்கு. லயத்துப் பொதுக் குழாய் பல தோட்டங்களில் காலையும் மாலையும் குறித்த நேரத்தில் மட்டும் திறக்கப்படும். வறட்சியில் முதலில் காய்வது எது என்று கேட்கத் தேவையில்லை.

ஆலைக்கு ஏன் அவ்வளவு தண்ணீர்? மரத்திலிருந்து வரும் பாலில் உலர் ரப்பர் 30 விழுக்காட்டுக்குச் சற்று மேல் இருக்கும். ஷீட் போட அதை 12, 13 விழுக்காட்டுக்கு இறக்க வேண்டும். ஒரு கிலோ ரப்பருக்கு மூன்று லிட்டர் பால் என்றால், அதில் ஐந்து லிட்டர் தண்ணீர் சேர்த்தால்தான் அந்தப் பதம் வரும். பிறகு ஃபார்மிக் அமிலம் விட்டு உறைய வைப்பார்கள். உறைந்ததை உருளையில் கொடுத்து, மேலே தண்ணீர் அடித்துக்கொண்டே பிழிந்து எடுப்பார்கள். ரப்பர் புகைக் கூண்டுக்குப் போகும், மிச்சமுள்ள புளித்த நீர் ஓடைக்குப் போகும். அந்த நாற்றம் தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் மறக்காது. ஓடையின் கீழ்ப்பக்கத்தில் துணி துவைத்தவர்களும் மீன் பிடித்தவர்களும் அதே தோட்டத்து ஆட்கள்.

ஆக அது நியாயமான ஏற்பாடே கிடையாது. ஆனாலும் அதில் ஒரு விஷயம் இருந்தது. மழையைப் பிடிக்கும் சரிவு, தண்ணீர் குடிக்கும் ஆலை, கழிவு போய்ச் சேரும் ஓடை, கடைசிக் குழாய் ஆகிய நான்கும் ஒரே வேலிக்குள், ஒரே நிர்வாகத்தின் கையில் இருந்தன. ஓடை வற்றினால் ஆலை நிற்கும் என்பது துரைக்குத் தெரியும். 1980களுக்குப் பிறகு தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போனபோது இந்த நான்கும் நான்கு பேர் கைக்குப் போயின. சரிவு வீடமைப்பு நிறுவனத்துக்கு, ஆலை பன்னாட்டு நிறுவனத்துக்கு, ஓடை வடிகால் நீர்ப்பாசனத் துறைக்கு, குழாய் மலாக்கா குடிநீர் நிறுவனத்துக்கு. ஒருவர் செய்வதன் விளைவு இன்னொருவர் கணக்கில் விழுகிறது. மலாக்காவின் நீர் இடர் என்பது என் பார்வையில் இதுதான். மழைக் குறைவு இதற்குப் பிறகுதான் வருகிறது.

தொழிலை ஒழுங்குபடுத்தவே முடியாது என்று சொல்கிறவர்களுக்குப் பதிலாக மலேசியாவிலேயே ஒரு பழைய வெற்றிக் கதை உண்டு. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது ஆலைகளும் மாறின. ஒரு டன் கச்சா செம்பனை எண்ணெய் எடுக்க 5 முதல் 7.5 டன் தண்ணீர் செலவாகும். அதில் பாதிக்கு மேல் பழுப்புக் கழிவாக வெளியேறும். அந்தக் கழிவின் உயிர்வேதியியல் ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். ஆற்றில் விட்டால் மீன் மூச்சுத் திணறிச் சாகும் என்பதே இதன் பொருள். 1974-இன் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1977-இல் செம்பனை ஆலைகளுக்குத் தனி விதிகள் வந்தன. எடுத்த எடுப்பில் யாரையும் மூடச் சொல்லவில்லை. முதலில் 5,000 மில்லிகிராம் என்று எல்லை வைத்து, ஆண்டுதோறும் இறக்கி, 1984-க்குள் 100-க்குக் கொண்டுவந்தார்கள். உரிமக் கட்டணத்தை வெளியேற்றும் மாசின் அளவோடு கட்டிப்போட்டார்கள். ஆலைகள் குளம் வெட்டின, பாக்டீரியாவை வேலைக்கு வைத்தன. அதே காலத்தில் செம்பனை எண்ணெய் உற்பத்தி குறையவில்லை, பெருகியது. ரப்பர் ஆலைகளுக்கும் 1978-இல் இதே போன்ற விதி வந்தது.

இதில் விடுபட்டது ஒன்று. ஆலை வெளியே விடும் நீரின் தரத்தைக் கேட்டார்கள். உள்ளே இழுக்கும் நீரின் அளவை அதே கறாரோடு கேட்கவில்லை. படிப்படியாக இறங்கும் எல்லை, அளவோடு பிணைந்த கட்டணம் என்ற அந்த உத்தியை அளவின் மீதும் ஏவியிருந்தால் மலாக்காவின் தொழிற்பேட்டைகள் இன்று வேறு மாதிரி இருந்திருக்கும்.

1970களில் பத்து பெரெண்டாமில் தாராள வணிக வட்டாரம் வந்தது. மின்னணுப் பாகங்களைக் கோர்க்கும் பன்னாட்டு ஆலைகள் அங்கே இறங்கின. தஞ்சோங் கிளிங், ஆயர் கெரோ, செங், அலோர் காஜா என்று தொழிற்பேட்டைகள் பரவின. சுங்கை ஊடாங்கில் பெட்ரோனாஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, பெகோவில் ஹோண்டா. அதிகாலையில் தோட்டத்து முகப்பில் வந்து நிற்கும் ஃபேக்டரி பஸ் அந்தக் கால மலாக்காத் தமிழ்க் குடும்பங்களின் பெரிய மாற்றம். அம்மா பால் வெட்டப் போவார், மகள் சீருடை போட்டுக்கொண்டு பஸ் ஏறுவாள்.

அவள் போய்ச் சேர்ந்த ஆலையில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத மூலப்பொருள். சிலிக்கான் வில்லையைச் சிறு சில்லுகளாக அறுக்க வைரத்தூள் பதித்த மெல்லிய தகடு நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும். சூட்டைத் தணிக்கவும் அறுபடும் தூளை அடித்துச் செல்லவும் உப்பு, அயனி எதுவும் இல்லாத நீர் இடைவிடாமல் பாய வேண்டும். உலோகப் பூச்சுக்குப் பிறகு மீண்டும் மீண்டும் அலச வேண்டும். குழாய் நீரை இந்தத் தரத்துக்கு வடிக்கும்போது ஒரு பங்கு வீணாகக் கழியும். வீட்டில் தண்ணீர் நின்றால் குளிக்க மாட்டோம், அவ்வளவுதான். அங்கே நின்றால் அந்த ஷிப்டின் சரக்கே போய்விடும். அதனால்தான் இத்தகைய ஆலைகள் பங்கீட்டுக் காலத்தில் லாரித் தண்ணீருக்கும் பெரிய தொட்டிக்கும் தயங்காமல் பணம் போடுகின்றன. பணம் போட முடியாத சலவைக் கடையும் சாப்பாட்டுக் கடையும் ஷட்டரை இறக்குகின்றன.

1991-க்குப் பிறகு மாநிலம் சும்மா இருக்கவில்லை. ஜொகூர் மாநிலத்தின் மூவார் ஆற்றில் கெர்சிக் பகுதியிலிருந்து தண்ணீரைப் பம்பு செய்து டுரியான் துங்கல் பக்கம் அனுப்பும் குழாய் வந்தது. ஜாசின் மாவட்டத்தில் ஜுஸ் அணை கட்டப்பட்டது. டுரியான் துங்கலின் கொள்ளளவு சுமார் 3.2 கோடி கன மீட்டர், ஜுஸ் சுமார் 4.5 கோடி. மாநிலத்தின் அன்றாடத் தேவை 50 கோடி லிட்டருக்கு மேல், அதாவது 5 லட்சம் கன மீட்டர். இரண்டும் ததும்ப நிறைந்திருந்து, ஆற்றிலிருந்து ஒரு சொட்டும் வராவிட்டால் ஐந்து மாதம் தாங்கும். ததும்ப நிறைந்திருந்தால் என்பதுதான் சிக்கல்.

2019-இல் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கம் சூடாகவும் கிழக்குப் பக்கம் குளிர்ந்தும் கிடந்தது. இந்த இருமுனை நிலை அந்த ஆண்டு மிகக் கடுமையாக இருந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் வெள்ளம், ஆஸ்திரேலியாவில் காட்டுத்தீ, சுமத்ராவிலும் அதன் அண்டையிலும் வறட்சி. 2020 ஜனவரியில் மலாக்கா மீண்டும் பங்கீட்டுக்குப் போனது. பகுதி வாரியாக அட்டவணை போட்டுத் தண்ணீர் விட்டார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை மலாக்காவுக்கு இயல்பிலேயே வறண்ட பருவம். ரப்பர் இலையுதிர்த்துப் பால் குறையும் காலமும் அதுவே. பால் குறைந்தால் வெட்டுக் கூலி குறையும். செங் சன்னாசிமலைக் கோயிலுக்கு மாசி மகத்தில் கூடும் கூட்டத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் தேவைப்படுவதும் இந்தப் பருவத்தில்தான்.

ஜொகூரை நம்புவதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. மூவார் ஆற்றுக்கும் லேடாங் மலைக்கும் இந்தப் பக்கம் மழை பொய்க்கும்போது அந்தப் பக்கம் மட்டும் கொட்டித் தீர்ப்பதில்லை. இரண்டு மாநிலமும் ஒரே வானத்தின் கீழ் ஒரே மாதத்தில் காய்கின்றன. தூரத்து ஆறு என்பது வேறு பருவம் கொண்ட ஆறாக இருந்தால்தான் காப்பீடு.

வறட்சியைப் பேசிவிட்டு வெள்ளத்தை விட்டால் கணக்குப் பாதிதான். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் தென் தீபகற்பத்தை மூழ்கடித்த மழை ஜொகூரோடு மலாக்காவையும் பிடித்தது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். தாங்கியதை ஒரே மூச்சில் கொட்டவும் செய்யும். தோட்டத்துப் பள்ளத்தை மண் அடித்து நிரப்பிக் கட்டிய தாமானில் அந்த நீர் போக இடமில்லை. 2001 முதல் புதிய வீடமைப்புகள் மழைநீரைத் தங்கள் எல்லைக்குள்ளேயே தேக்கி மெல்ல விட வேண்டும் என்று வடிகால் துறையின் கையேடு சொல்கிறது. தாமான் ஓரத்தில் வேலி போட்ட குளங்கள் அப்படி வந்தவைதான். பலவற்றில் கோரை மண்டிக் கிடக்கிறது. வீட்டுக்காரர்களுக்கு அது கொசுக் குளம், நகராட்சிக்கு அது பராமரிப்புச் செலவு. தோட்டத்து வண்டல் குழி செய்த வேலையை இது செய்ய வேண்டும் என்பது எவர் நினைவிலும் இல்லை.

தமிழ் வாசகருக்குச் சென்னை உதாரணம் பக்கத்தில் இருக்கிறது. 2019 கோடையில் ஏரிகள் காய்ந்து, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த அதே ஆண்டில், கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா நாளுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை வடித்து ஆலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கார் ஆலைகளும் மணலித் தொழிற்சாலைகளும் ஊரின் சாக்கடையை வடித்துக் குடிக்கின்றன. சிங்கப்பூர் 2003-இலேயே கழிவுநீரை வடித்த நியூவாட்டரைச் சிலிக்கான் வில்லை ஆலைகளுக்குக் குழாயில் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. மழை வந்தாலும் வராவிட்டாலும் குறையாத ஒரே ஆறு நகரத்தின் சாக்கடைதான். மலாக்காவில் இண்டா வாட்டர் நிறுவனம் சுத்திகரிக்கும் கழிவுநீர் ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது. ஆயர் கெரோவுக்கும் பத்து பெரெண்டாமுக்கும் அது அதிக தூரமில்லை. இங்கே தொழில்நுட்பம் தடையாக நிற்கவில்லை, விலை நிற்கிறது. அணைத் தண்ணீர் மலிவாக இருக்கும்வரை எந்தக் கணக்காளரும் வடித்த தண்ணீருக்குக் கையெழுத்துப் போடமாட்டார்.

விலையை வைப்பது யார்? 2005 அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு குடிநீர்ச் சேவை கூட்டரசும் மாநிலமும் பகிர்ந்துகொள்ளும் பட்டியலுக்கு வந்தது. கட்டணத்தையும் உரிமத்தையும் தேசிய நீர்ச் சேவை ஆணையம் பார்க்கிறது. ஆறும் நிலமும் மாநிலத்திடமே இருக்கின்றன. தோட்ட நிலத்தைத் தொழிற்பேட்டையாக மாற்ற அனுமதி கொடுத்தால் அதற்கான கட்டணமாகிய நிலப் பிரிமியம் உடனே மாநிலக் கருவூலத்துக்கு வரும். அந்த மாற்றத்தால் நீர்ப்பிடிப்பு சுருங்குவதும் தேவை ஏறுவதும் பத்தாண்டு கழித்து ஒரு புதிய அணையின் செலவாக வரும். அந்தச் செலவைக் கட்டுவது வேறொரு கை. 2024 பிப்ரவரியில் தீபகற்பத்தில் வீட்டுக் கட்டணம் ஒரு கன மீட்டருக்குச் சராசரி 22 சென் ஏறியது. அப்படியும் கோப்பிக்கடையில் ஒரு தே தாரிக் விலைக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் வாங்கலாம்.

இப்போது அலோர் காஜா மாவட்டத்தில் ஜெர்னே அணை, ஜாசினில் சின் சின் நீலக் குளத்தை நீர்த்தேக்கமாக்கும் திட்டம் என்று அடுத்த சுற்றுக் கட்டுமானம் நடக்கிறது. இவை வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. குழாய்க் கசிவை அடைத்தால் போதாதா என்று கேட்கலாம். நாடு முழுவதும் சுத்திகரித்துக் குழாயில் விடும் குடிநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கசிவிலும் திருட்டிலும் கணக்கில் வராமல் போகிறது. மலாக்கா அந்தச் சராசரியைவிடத் தேவலை, அதனால் குழாயை அடைப்பதால் மட்டும் கிடைக்கும் லாபம் மற்ற மாநிலங்களைவிட இங்கே குறைவு. ஆனால் அணை கட்டுவதோடு நிறுத்தினால் 1991-இன் பாடத்தையே மூன்றாம் முறை எழுதுகிறோம்.

பங்கீடு வரும்போது யார் முதலில் விட்டுக்கொடுப்பது என்பதை வறட்சிக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். அணை இந்த மட்டத்துக்கு இறங்கினால் இன்னின்ன ஆலை இத்தனை விழுக்காடு குறைக்க வேண்டும் என்று உரிமத்திலேயே இருந்தால், ஆலைகள் தொட்டியும் மறுசுழற்சியும் தாமாகவே அமைக்கும். இன்றைய நிலையில் தண்ணீரின் கடைசி வரிசை மாடித் தொட்டியில்லாத மலிவு விலை வீடுகளும், குழாயின் வால்முனையில் கிடக்கும் தோட்டக் குடியிருப்புகளும்தான். அங்கே எஞ்சியிருக்கும் தமிழ் முதியவர்களோடு இப்போது வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும் வரிசையில் நிற்கிறார்கள். தொழிலாளர் குடியிருப்பு வசதிகள் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம் போதுமான குடிநீரை முதலாளியின் கடமையாக்குகிறது. குழாயே காய்ந்திருக்கும் நாளில் அந்தக் கடமையை எப்படி நிறைவேற்றுவது என்பதற்கு ஒவ்வொரு தோட்டத்திலும் எழுத்தில் ஓர் ஏற்பாடு கேட்கப்பட வேண்டும்.

செம்பனையின் பயன்தரும் ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டு. ரப்பரை வெட்டி 1990களின் இறுதியில் நட்ட தோட்டங்கள் மறுநடவுக்கு வந்துகொண்டிருக்கின்றன. 2020 ஜனவரி முதல் கட்டாயமான மலேசிய நிலைத்த செம்பனைச் சான்றிதழ் ஆற்றோரப் பகுதியைக் காப்பதையும் நீர் மேலாண்மைத் திட்டத்தையும் கேட்கிறது. மரம் நிற்கும்போது கரையைப் பின்னுக்குத் தள்ளச் சொன்னால் எந்த நிர்வாகமும் முனகும், வெட்டிய நிலத்தில் நான்கு வரிசை உள்ளே தள்ளி நடுவது சுலபம். மறுநடவுக்குப் பதில் நிலத்தை விற்க நினைக்கிறவர்கள் நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு மாவட்ட நில அலுவலகத்தில் விண்ணப்பம் போடுவார்கள். ஜாசினிலும் அலோர் காஜாவிலும் அந்தக் கோப்புகளில் மூன்று எண்களைக் கட்டாயமாக்கலாம்: இந்த மாற்றத்தால் எத்தனை எக்டர் நீர்ப்பிடிப்பு குறைகிறது, வரப்போகும் ஆலையோ தாமானோ நாளுக்கு எவ்வளவு தண்ணீர் கேட்கும், அதில் எவ்வளவு வடித்த நீராக இருக்கும். மூன்றாவது எண் பூஜ்யமாக இருந்தால் பிரிமியத்தை இரட்டிப்பாக்கி, கூடுதல் தொகையை வடிநீர்க் குழாய்க்கென்றே ஒதுக்கலாம். நிலம் மாநிலத்தின் அதிகாரம் என்பதால் இதற்குப் புத்ராஜெயாவில் இருக்கும் கூட்டரசின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.